தேன்மொழி கழற்றிய மெட்டி

டங்... டங்... டங்...

நான்காம் அறையிலிருந்து அந்தச் சத்தம் மறுபடியும் கிளம்பியது. கட்டிலின் இரும்புக் கம்பியில் கரண்டி மோதுகிற சத்தம். சாப்பாட்டுக் கூடத்தில் வட்டமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த எட்டுப் பராமரிப்புப் பெண்களும் ஒரே நேரத்தில் தலையைத் திருப்பினார்கள். அவர்களுக்கு வகுப்பு எடுக்க வந்து, வெள்ளைப் பலகையில் எழுதிக்கொண்டிருந்த ரூபினியின் கை அப்படியே நின்றது.

"யாரு அது?" என்று கேட்டாள் ரூபினி.

"தனலெட்சுமி அம்மா," என்றார் காதர் பீவி. அந்த முதியோர் இல்லத்தின் தலைமைப் பராமரிப்பாளர் அவர். அரசாங்க மருத்துவமனையில் முப்பது வருடம் மிஸ்ஸியாக, அதாவது நர்ஸாக, இருந்து ஓய்வு பெற்றவர். "பக்கவாதம். வலது பக்கம் விழுந்துடுச்சு, பேச்சும் போயிடுச்சு. சனிக்கிழமையிலேருந்து இப்படித்தான் தட்டிக்கிட்டே இருக்காங்க. சோறு கொடுத்துப் பார்த்தோம், ஃபேன் போட்டுப் பார்த்தோம், முருகர் படத்தத் திருப்பி வச்சும் பார்த்தாச்சு. கரண்டியப் பிடுங்கினா என் கையைக் கடிக்க வர்றாங்க லா!"

எல்லாரும் சிரித்தார்கள். தேன்மொழி மட்டும் சிரிக்கவில்லை. நான்காம் அறை அவள் பொறுப்பு. நான்கு மாதமாகத் தன் கையால் குளிப்பாட்டி, ஊட்டி, தலை துவட்டிய ஒரு ஜீவன் எதையோ கேட்டுக் கதறுகிறது. அது என்னவென்று தெரியவில்லை. மூன்று நாளாக அவளுக்குச் சோறும் இறங்கவில்லை.

ஸ்கூடாயில், பல்கலைக்கழக மாணவர்கள் வாடகைக்கு இருக்கும் தாமான் குடியிருப்பு ஒன்றில், இரண்டு வீடுகளின் நடுச்சுவரை இடித்துச் செய்த இல்லம் அது. மொத்தம் இருபத்தொரு பேர். வாசல் அறிவிப்புப் பலகையில் அன்றைய வகுப்புக்கு 'மரியாதையான பராமரிப்பு' என்று மட்டும் எழுதியிருந்தது. அதற்கு மேல் எதுவும் போட வேண்டாம் என்று காதர் பீவி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ரூபினி பேச வந்ததோ வேறு. ஆணோடு வாழ்ந்த ஆண்கள், பெண்ணோடு வாழ்ந்த பெண்கள், திருநங்கைகள். இவர்களுக்கும் வயதாகிறது, இவர்களும் ஒரு நாள் படுக்கையில் விழுகிறார்கள். அப்போது அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதுதான் வகுப்பு.

"நம்ம எடத்துல அந்த மாதிரி யாரும் இல்லையே மிஸ்," என்று ஆரம்பத்திலேயே தேன்மொழி சொல்லியிருந்தாள்.

"இருந்தா உங்ககிட்ட சொல்லியிருப்பாங்களா அக்கா?" என்று ரூபினி திருப்பிக் கேட்டாள். தேன்மொழி தலையாட்டினாள். ஆனால் மனம் ஒப்பவில்லை. இதெல்லாம் கோலாலம்பூர்ப் பேச்சு, படித்தவர்கள் பேச்சு என்றுதான் நினைத்தாள்.

காதர் பீவியும் வெளிப்படையாகவே பேசினார். "இந்தா பாரும்மா ரூபினி. இதுக்கு என் மார்க்கத்துல எனக்குப் பதில் இருக்கு, அத நான் மாத்த முடியாது. ஆனா குளிப்பாட்டுற நேரத்துல எனக்கு எல்லா உடம்பும் ஒண்ணுதான். அதுக்கு மேல நீ என்ன சொல்றியோ சொல்லு, கேட்டுக்கிறேன்."

"அது போதும் மேடம்," என்றாள் ரூபினி. பலகையில் இரண்டே இரண்டு வரிகளை எழுதினாள். முதலில் அவர்களையே கேளுங்கள். அவர்கள் சொல்லாததை நீங்கள் யாரிடமும் சொல்லாதீர்கள்.

பிறகு ஒரு விளையாட்டு வைத்தாள். "இப்ப நீங்கதான் இந்த இல்லத்துக்குப் புதுசா வந்திருக்கிற வயசானவங்க. வீட்டுக்காரர் பேரு வாயில வரக் கூடாது. யாரோட வாழ்ந்தீங்கன்னு தெரியக் கூடாது. பேச்சுல மட்டும் இல்ல, உடம்புல இருக்கிற அடையாளமும் வெளிய தெரியக் கூடாது. அப்படியே உங்களப் பத்திப் பேசணும். தேன்மொழி அக்கா, நீங்க முதல்ல."

தேன்மொழி தாலியை ரவிக்கைக்குள் தள்ளிக்கொண்டாள். நெற்றிக் குங்குமத்தைப் புறங்கையால் துடைத்தாள்.

"எம் பேரு தேன்மொழி. வயசு நாப்பத்தேழு. காஹாங்ல பொறந்தேன். அப்பா செம்பனைத் தோட்டத்துல குலை வெட்டுனாரு. பதினெட்டு வயசுல பெக்டரிக்கு வந்தேன், ரேடியோ சாமான் பூட்டுற வேலை. பெக்டரிய மூடுனதும் இங்க வந்துட்டேன். அப்புறம்..."

நின்றுவிட்டாள். அப்புறம் என்ன? கணவன் மூர்த்தி சிங்கப்பூரில் லாரி ஓட்டுகிறான். இரண்டு தீபாவளியாக வீட்டுக்கு வரவில்லை. அங்கே அவனுக்கு இன்னொரு வீடு இருப்பதாகக் காதில் விழுந்தும் கேட்காதவளைப்போல் இருக்கிறாள். யாராவது விசாரித்தால் "ஓவர்டைம்" என்பாள். இந்த விளையாட்டை அவள் இரண்டு வருடமாகவே ஆடிக்கொண்டிருக்கிறாள் என்பது அந்த அறையில் யாருக்குத் தெரியும்?

அவள் தன்னையறியாமல் கால்களை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டாள். காதர் பீவி விடவில்லை.

"அலமாக்! காலை எங்க ஒளிக்கிற? மெட்டி தெரியுது பாரு, நீ தோத்துட்ட!"

எல்லாரும் கைதட்டினார்கள். தேன்மொழி குனிந்து தன் கால் விரலைப் பார்த்தாள். தேய்ந்துபோன வெள்ளி மெட்டி.

மெட்டி!

டங்... டங்... டங்...

சனிக்கிழமை காலை அவள் கண் முன்னால் வந்து நின்றது. தனலெட்சுமிக்கு இனிப்புநீர் என்கிற சர்க்கரை வியாதி. இரண்டு பாதமும் வீங்கி, மெட்டி சதைக்குள் புதைந்து விரல் கறுத்திருந்தது. உடனே கழற்றும்படி டாக்டர் சொன்னார். சோப்பு நுரை தடவித் தேன்மொழிதான் கழற்றினாள். தனலெட்சுமி இடது கையால் அவள் தோளில் அடி அடியென்று அடித்தார். வலிக்கிறதாக்கும் என்று நினைத்து, "முடிஞ்சிடுச்சு தனம்மா, முடிஞ்சிடுச்சு" என்று சமாதானம் சொன்னாள்.

அந்த இல்லத்தில் ஒரு வழக்கம் இருந்தது. சுமங்கலிப் பெண்களின் தாலியையோ மெட்டியையோ ஸ்கேனுக்காகவோ வீக்கத்துக்காகவோ கழற்ற நேர்ந்தால், வெறுமையாக விடமாட்டார்கள். அந்த இடத்தில் மஞ்சள் நூல் கட்டிவிட்டுத்தான் கழற்றுவார்கள். மருந்து அலமாரியில் பஞ்சுக்கும் பிளாஸ்டருக்கும் பக்கத்தில் ஒரு மஞ்சள் நூலுருண்டை எப்போதும் இருக்கும். அதை வாங்கி வைப்பதே காதர் பீவிதான்.

தனலெட்சுமிக்கு அந்த நூலை யாரும் கட்டவில்லை. ஏனென்றால் அவருடைய பதிவுப் பாரத்தில் 'திருமணம் ஆகாதவர்' என்று இருந்தது. ஆகாதவருக்கு எதற்கு நூல்? ஆசைக்குப் போட்டிருப்பார் என்று தேன்மொழி எண்ணினாள். அன்று மாலை தனலெட்சுமியின் தம்பி மகன் சுகுமாறன் வந்தபோது மெட்டிகளை ஓர் உறையில் போட்டு அவனிடம் ஒப்படைத்துக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டாள். பெரிய கடமையை முடித்த நிம்மதி அவளுக்கு!

"மெட்டியா? எங்க அத்தைக்கா?" என்று சுகுமாறன் முகம் சுருங்கியதும், வருகைப் புத்தகத்தைப் புரட்டியதும் இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அந்தப் புத்தகத்தில் செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் ஒரே பெயர் வந்துகொண்டிருந்தது. பூங்காவனம். உறவு: தங்கச்சி. பொறுப்பாளரின் கையெழுத்து இல்லாவிட்டால் ரத்த உறவுகளை மட்டும்தான் அறைக்குள் விடுவது இல்லத்தின் விதி.

"இவங்க தங்கச்சி இல்ல மிஸ்ஸி. எங்கப்பாவுக்கு ஒரே அக்காதான். இவங்க பெக்கான் நானாஸ்ல அன்னாசி டின் பெக்டரில அத்தையோட வேலை செஞ்சவங்க. ஒண்ணா வாடகை வீட்டுல இருந்தாங்க, அவ்வளவுதான். இனிமே உள்ள விடாதீங்க."

முப்பத்தாறு வருடம் ஒரே வீட்டில் என்று பூங்காவனம் ஒரு முறை சொல்லியிருந்தார். அவ்வளவுதானாம்!

தேன்மொழி எழுந்து ஓடினாள். பின்னால் ரூபினி கூப்பிட்டதுகூட அவளுக்குக் கேட்கவில்லை. நான்காம் அறையில் தனலெட்சுமி சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எழுபத்திரண்டு வயது முகம், ஒரு பக்கம் இழுத்துக்கொண்ட உதடு, ஓங்கிய கையில் கரண்டி. தேன்மொழி தரையில் மண்டியிட்டு, போர்வையை விலக்கி, அந்த வெறும் விரலைத் தொட்டாள்.

"தனம்மா... இதுக்காகவா?"

கரண்டி கம்பியைத் தொடாமலே மடியில் இறங்கியது. அந்தக் கண்கள் நிறைந்து, இழுத்துக்கொண்ட கன்னத்தின் வழியே ஒழுகின.

யாருக்காக அந்த மெட்டி என்று தேன்மொழி கேட்கவில்லை. தெரிந்ததுபோலவும் இருந்தது, தெரியாததுபோலவும் இருந்தது. ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்காக மெட்டி போடுவாளா? போட்டால் அது மெட்டியாகுமா? அப்படியானால் தான் சனிக்கிழமை செய்தது என்ன? உயிரோடு இருக்கும் ஒருவரை இல்லாமல் ஆக்கினேனா?

ஒன்று மட்டும் செய்யலாம் என்று தோன்றியது. யோசிக்காமல் சுகுமாறனுக்குப் போன் போட்டாள்.

"தம்பி, அந்த மெட்டியத் திருப்பிக் கொண்டாங்க. தனம்மா கேக்குறாங்க."

"கேக்குறாங்களா? பேச்சே வராதே மிஸ்ஸி!"

"கேக்குறாங்க தம்பி. எனக்குச் சொல்லத் தெரியல. வாங்க."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், கதவருகே குடையும் தூக்குச் சட்டியுமாகப் பூங்காவனம் நின்றுகொண்டிருந்தார். அன்று செவ்வாய்க்கிழமை! அறுபத்தொன்பது வயது, ஒல்லியான தேகம், அன்னாசிச் சாறு அரித்துத் தோல் உரிந்து வெளுத்த விரல்கள். வகுப்பு நடந்ததால் வாசலில் தடுக்க யாரும் இல்லை.

"பசியாறிட்டாளா மிஸ்ஸி?" என்று வழக்கம்போல் கேட்டபடி உள்ளே வந்தவரின் பார்வை, போர்வை விலகிய பாதத்தில் போய் விழுந்தது.

தூக்குச் சட்டியை மேசையில் வைத்தார். சத்தம் போடவில்லை, அழவில்லை. ஒரு கையால் கட்டிலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார்.

"யாரு கழட்டுனது?"

"நான்தாம்மா." தேன்மொழி கறுத்த விரலைக் காட்டினாள். "வீங்கிப் போச்சு, விரலே கறுத்துடுச்சு. டாக்டர் சொன்னாரு. பாரத்துல கல்யாணம் ஆகலன்னு இருந்துச்சும்மா. அதான் நூலு கட்டல."

"பாரத்துல..." என்று மட்டும் சொன்னார் பூங்காவனம். பிறகு, "விரலு தப்பிச்சிச்சா?" என்று கேட்டார்.

"தப்பிச்சிடுச்சு."

"அப்ப சரி தாயி."

அந்த 'சரி'யைத்தான் தேன்மொழியால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். எழுந்து போய் மருந்து அலமாரியைத் திறந்தாள். மஞ்சள் நூலை எடுத்தாள். பின்னாலேயே காதர் பீவி வந்து நின்றார்.

"யாருக்கு நூலு?"

"நாலாம் ரூமுக்கு."

"அவங்கதான்..." என்று ஆரம்பித்த காதர் பீவி, தேன்மொழியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். சொல்லிவிடலாமா என்று தேன்மொழியின் நாக்கு துடித்தது. பலகையின் இரண்டாவது வரி நினைவுக்கு வந்தது. அவர்கள் சொல்லாததைச் சொல்ல இவள் யார்?

"என்னை ஒண்ணும் கேக்காதீங்க அக்கா. என்னால சொல்ல முடியாது."

காதர் பீவி அவளையே பார்த்தார். கூடத்துப் பலகையை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். பிறகு அலமாரியிலிருந்து சின்னக் கத்தரிக்கோலை எடுத்து அவள் கையில் வைத்தார். "தளர்வாக் கட்டச் சொல்லு. இறுக்கினா மறுபடியும் வீங்கும்."

பூங்காவனம் ஒரு விரலில் நூலைச் சுற்றி முடிந்து, இன்னொரு காலுக்கு நூலை நறுக்கிக்கொண்டிருந்தபோதுதான் வாசலில் கார் வந்து நின்றது. ஐயோ! தானே கூப்பிட்டு வரவழைத்தோமே! பக்கத்திலிருக்கும் பெக்டரியின் சீருடையோடு, காரிலேயே கிடந்த உறையைக் கையில் பிடித்தபடி சுகுமாறன் அறைக்குள் நுழைந்தான்.

"விடாதீங்கன்னு சொன்னேன்ல மிஸ்ஸி?"

பூங்காவனத்தின் கையில் மஞ்சள் நூல். தனலெட்சுமியின் காலில் மஞ்சள் நூல். சுகுமாறன் இரண்டையும் பார்த்தான்.

"இது என்ன கூத்து? இவங்க யாரு? நீங்களே சொல்லுங்க மிஸ்ஸி. தங்கச்சியா? சிநேகிதியா? யாரு?"

பூங்காவனத்தின் கண்கள் தேன்மொழியைக் கெஞ்சின. தங்கச்சி என்றால் அது பொய், அவனுக்கே தெரியும். தெரிந்ததைச் சொன்னால் இந்த அறைக் கதவு பூங்காவனத்துக்கு இனி திறக்காமலே போகலாம். பெக்கான் நானாஸிலிருந்து பஸ் ஏறி வந்து, தலை வாரிப் பின்னல் போட்டுவிட்டுப் போகும் அந்தச் செவ்வாயும் வெள்ளியும் இல்லாமல் போகும். இரண்டு உயிர்களின் மிச்ச நாட்கள் தன் நாக்கு நுனியில் தொங்குவதாகத் தேன்மொழிக்குத் தோன்றியது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருந்தது. என்ன சொல்வாள்?

"என்னைக் கேக்காதீங்க தம்பி. உங்க அத்தையக் கேளுங்க."

"அவங்களுக்குத்தான் பேச்சு வராதே!"

"பேச்சுதான் வராது. கேட்டா காது கேக்கும். இத்தனை நாளா நாம யாருமே கேக்கல தம்பி. நானும் கேக்கல."

சுகுமாறன் கட்டில் பக்கம் திரும்பினான். அத்தையின் கண் அவன் மீதே இருந்தது. யாரு இவங்க என்று கேட்கத்தான் வாயெடுத்தான். வந்த வார்த்தை வேறாக இருந்தது.

"அத்தை... இவங்க வரணுமா?"

தனலெட்சுமியின் இடது கை மெல்ல எழுந்தது. கரண்டியோடு எழுந்தது. எல்லாரும் அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தார்கள். ஆனால் கரண்டி கம்பியின் பக்கம் போகவில்லை. நடுங்கி நடுங்கிச் சுகுமாறனை நோக்கி நீண்டது. அவன் ஒன்றும் புரியாமல் வாங்கிக்கொண்டான். காலியான அந்தக் கை திரும்பிப்போய்ப் பூங்காவனத்தின் முந்தானையைப் பிடித்துக்கொண்டது. விடவில்லை.

கூடத்தில் மற்றவர்களின் தட்டுச் சத்தம் கேட்டது.

"பஸ்ஸுலயா வந்தீங்க?" என்று சுகுமாறன் தரையைப் பார்த்தபடி கேட்டான்.

"ஆமாய்யா. பொந்தியான் பஸ்ஸு. பெரிய ரோட்டுல எறங்கி நடந்து வந்துடுவேன்."

"இந்த வெயில்லயா?"

"கொடை இருக்குல்ல."

அவன் தலையை ஆட்டினான். எதற்கு ஆட்டினான் என்று அவனுக்கே தெரிந்ததாகத் தோன்றவில்லை. "சின்னதுல ஸ்கூல் லீவுக்கு வந்தா இவங்கதான் எனக்குத் தலைக்கு எண்ணெய் வைப்பாங்க," என்று தேன்மொழியிடம் சொன்னான். ஏதோ குற்றம் சாட்டுவதுபோல் இருந்தது அந்தக் குரல். "அப்பல்லாம் ஒண்ணும் தெரியல மிஸ்ஸி. இப்பவும் எனக்கு இது சரின்னு படல."

வாசல் வரை தேன்மொழி கூடவே போனாள். வகுப்பு முடிந்து பலகையைத் துடைத்துக்கொண்டிருந்த ரூபினி இருவரையும் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் துடைக்கலானாள். வருகைப் புத்தகத்துக்கு எதிரே காதர் பீவி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

"உங்க அத்தைக்குப் பொறுப்பாளர் நீங்கதான் தம்பி. சொந்தம் இல்லாதவங்க உள்ள வரணும்னா உங்க கையெழுத்து வேணும். போடுறீங்களா, இல்ல அவங்களக் கூடத்துல உக்கார வைக்கவா?"

சுகுமாறன் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்தான். தங்கச்சி என்பதன் மேல் ஒரு கோடு போட்டான். மேலே எழுதப் பேனாவைக் கொண்டுபோனவன், அந்தரத்தில் நிறுத்தினான்.

"என்னன்னு எழுதறது?"

"தெரியல தம்பி," என்றாள் தேன்மொழி. "சத்தியமா எனக்கும் தெரியல."

அவன் அந்தக் கட்டத்தைக் காலியாகவே விட்டு, பக்கத்தில் தன் கையெழுத்தை மட்டும் போட்டான். உறையைத் தேன்மொழியிடம் நீட்டினான்.

"வீக்கம் வடிஞ்சா... அவங்ககிட்ட குடுத்துடுங்க. அத்தைகிட்டயோ, இவங்ககிட்டயோ. யார்கிட்ட குடுக்கணுமோ."

அவன் வாசல் கேட்டைக் கடந்து காரில் ஏறும்போதுதான் தேன்மொழி கவனித்தாள். அவன் கையில் அந்தக் கரண்டி இன்னும் இருந்தது. "தம்பி, கரண்டி!" என்று கூப்பிட நினைத்தாள். கூப்பிடவில்லை. கார் தெருமுனையில் திரும்பி, பெரிய ரோட்டு நெரிசலுக்குள் மறைந்தது.

நான்காம் அறைக்கு அவள் திரும்பி வந்தபோது பூங்காவனம் சீப்பை எடுத்திருந்தார். தனலெட்சுமியின் கை இன்னும் முந்தானையை விடாததால், ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே அந்த நரைத்த தலையை வாரிக்கொண்டிருந்தார். தேன்மொழி உறையை மேசையில், தூக்குச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். ஏதாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. மன்னிப்பா, ஆறுதலா, வாழ்த்தா, எது என்று தெரியவில்லை.

தன் கால் மெட்டியை ஒரு முறை குனிந்து பார்த்தாள். அதைப் பற்றியும் ஒன்றும் தெரியவில்லை.

வெளியே வந்து, நான்காம் அறையின் கதவைச் சத்தம் வராமல் சாத்தினாள்.